தேயாத கார்டு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், சொல்பவன் நாக்குக்கு நாளை முதல் உப்பு தெரியாமல் போகட்டும். எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருப்பது உண்டு. அப்படியே சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வீட்டுப் படம் வரைகிறவர் ஒருவர் இருந்தார். கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் காட்டுவது அவர் தொழில். சுவர் எழுப்பி, பெயின்ட் அடித்து, சோபா போட்டு, காலை ஏழு மணி வெயில் எந்த மூலையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுவரை காட்டிவிடுவார். ஊரில் பாதிப் பேர் அவர் வரைந்த வீடுகளில் குடியிருந்தார்கள். அவரும் அவர் மனைவியும் மட்டும் பதினாலு வருடமாக ஒரு வாடகை மாடியில், ஜன்னலே இல்லாத சமையலறையோடு காலம் தள்ளினார்கள். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அங்கே வெங்காயம் நறுக்க வேண்டும்.

ஒருவழியாக மனை வாங்கியாகிவிட்டது. கொத்தனாரும் தயார். மனைவி போட்டது ஒரே ஒரு நிபந்தனை. சமையலறையில் காலை வெளிச்சம் எப்படி விழும் என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் சரி என்பாள். ஜன்னல் இருக்கிறது என்று வாடகை வீட்டின் சொந்தக்காரர் சொன்னதை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கொத்தனாரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலைக்குள் சரி என்று வராவிட்டால், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்பிவர இரண்டு வருடம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சோற்றை அடுப்பில் வைப்பதுபோல் படத்தைக் கம்ப்யூட்டரில் வேகப் போட்டு மூன்று வாரம். அறுபத்தோரு சதவீதத்தில் நின்றது.

படம் வேகிறது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் என்று அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கணக்குப் போட்டாக வேண்டும். இவருடைய பெட்டி போட்ட கணக்கைப் பார்த்தால் நத்தைக்கே கொட்டாவி வரும். படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரிசையாக வரும். முன்பு இவரிடம் படம் கேட்ட அவசரக்காரக் குடும்பம் ஒன்று பொறுக்கமாட்டாமல், வந்தவரைக்கும் கட்டுங்கள் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டது. அவரும் கூரையை முதலில் போட்டு நாலு கம்பத்தில் நிறுத்தினார். சுவர் வரும்வரை அவர்கள் அதன் கீழேயே ஏழு மாதம் குடியிருந்தார்கள். மூத்த பெண்ணுக்கு வரன்கூட அங்கேதான் பார்த்தார்கள். பெட்டி கக்கிய சூட்டில் பக்கத்து வீட்டு ஈரத்துணி சுவருக்கு அந்தப் பக்கமே காய்ந்தது. அவர்கள் கொடிக்கயிற்றை அவிழ்த்தே வைத்துவிட்டார்கள்.

படக் கணக்கை வேகமாகப் போட்டுத் தரும் கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் வேலை முடியும் என்று அவருக்குத் தோன்றி நாளாகிவிட்டது. அங்கேதான் சிக்கல். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெட்டியையும் கார்டையும் விற்று, கடையிலேயே பொருத்தி, டேப் ஒட்டி அனுப்பியது, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி. பெரிய கார்டாக வாங்குங்கள் என்று அன்றைக்கே சொன்னான். இவர் மாமனார், மாமியார், வந்திருந்த சொந்தம் எல்லாருக்கும் கேட்கும்படி, "நான் என்ன வீடியோ கேம் ஆடுற பையனா? எனக்கெதுக்கு அது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனனும் சிரித்தான், ஆனால் கடைசியாக. இப்போது போய் அவன் கடை வாசலில் நிற்பதா?

கால் தரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து நாற்காலி. மூன்று வாரமாக இதே நடைதான். கீழ் வீட்டுத் தையல்காரர் அந்தக் காலடிச் சத்தத்துக்குத்தான் மிஷினை மிதித்தார். இவர் வேகமாக நடந்த நாட்களில் அவருக்கு இரண்டு சட்டை கூடுதலாக முடிந்தது. இவர் தண்ணீர் குடிக்க நின்றால்கூட அவர் மேலே ஏறிவந்து, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

இன்டர்நெட்டில் தேடினார். எந்தக் கார்டு போட்டால் கேமில் ஒரு நிமிடத்தில் எத்தனை பேரைச் சுடலாம் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். இவருக்கு யாரையும் சுட வேண்டியதில்லை, ஒரு சமையலறையில் வெயில் விழுந்தால் போதும். அதே தொழில்காரர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பதிலைப் படித்தார். 'அது உங்கள் வேலையைப் பொறுத்தது.' மறுபடி நடந்தார்.

வாங்கலாம். இப்போதைக்கு வேண்டாம். வாங்கி, அப்புறமும் முடியாவிட்டால்? வாங்காமல், ஞாயிறு இரவே தானாக முடிந்துவிட்டால்? அறுபத்தொன்று, அறுபத்திரண்டு ஆயிற்று. அதைப் பார்த்து, வேண்டாம் என்று முடிவு செய்தார். மூன்று மணி நேரம் கழித்தும் அறுபத்திரண்டே. வாங்கலாம் என்று முடிவு செய்தார்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரார் உயிரைத் தன் பிரேக்கில் வைத்துக் காப்பவள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, இவர் ஜன்னலை நோக்கிப் போகிற வேகத்தைப் பார்த்து வலது காலைத் தரையில் அழுத்தினாள். இவர் நிற்கவில்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க." பையை வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "இங்க பாருங்க, வீடு இல்லாம இருந்துடுவேன். இன்னொரு இருட்டுச் சமையல்கட்டுல என்னால நிக்க முடியாது. தம்பிகிட்ட நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?"

அவரே பேசினார். பேசியது என்ன, தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் புரிந்துவிட்டது.

மைத்துனன் ஞாயிற்றுக்கிழமை காலையே புதுக் கார்டோடு வந்தான். கார்டா அது? இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் வைத்து அளந்தான். ஒரு பக்கத்தைப் பொருத்தினால் மறுபக்கம் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக் கட்டிலில்தான் போய் முடியும். அவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், தலைமாட்டுப் பக்கம் வேண்டாம், கால்மாட்டுப் பக்கம் என்றால் பரவாயில்லை என்றார்களாம்.

பெட்டியைத் திறக்கலாம் என்று டேப்பில் கை வைத்தான். இவர் பாய்ந்து தடுத்தார். ஆறு வருடமாக அந்த டேப் பிரியவில்லை. பிரித்தால் உள்ளே தூசி போகும். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையே அவர் இன்னும் கழற்றாத ஆள். டிவி ரிமோட்டும் உறையோடுதான்.

மைத்துனன் பெருமூச்சு விட்டு, உறை கிரீச்சிட நாற்காலியில் உட்கார்ந்து, படம் வரைகிற மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தான்.

"மாமா, கிராபிக்ஸ் கார்டை உபயோகிக்கணுமான்னு இங்க கேட்டிருக்கே. நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன்?"

"புதுசாச்சே மச்சான். தினமும் போட்டு அடிச்சா தேஞ்சுடாதா? ஏதாவது அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு வச்சிருக்கேன்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"அப்ப ஆறு வருஷமா எல்லா வேலையையும் பிராசஸர் தனியா செஞ்சிருக்கு, மாமா. கார்டு உள்ள உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டு இருக்கு. புதுசெல்லாம் வேண்டாம். இத்தனை வருஷம் தூங்கினதை எழுப்பினா போதும்."

ஒரே ஒரு டிக். படத்தை முதலிலிருந்து வேகப் போட்டான். அறுபத்திரண்டு சதவீதம் கைவிட்டுப் போவதைப் பார்க்க முடியாமல் இவர் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டிக்குள்ளிருந்து நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பதுபோல் ஒரு சத்தம். ஒன்பது நிமிடத்தில் படம் முழுசாக வந்து நின்றது. அதுவரை நடந்துகொண்டிருந்த இவரும் நின்றார்.

மனைவி திரையருகே போனாள். கிழக்கு ஜன்னல். அடுப்பு மேடையில் கோணலாக ஒரு பட்டை வெயில், பாத்திரம் கழுவும் தொட்டிவரை நீண்டு கிடந்தது. அவள் கையை நீட்டி, அந்த வெயில் விழுந்த இடத்தில் வைத்தாள். எடுக்கவில்லை.

"சுடுது," என்றாள். பிறகு, திரும்பாமலே, "கொத்தனாருக்குச் சொல்லிடுங்க."

வாசலில் தையல்காரர் நின்றிருந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு, முகம் வெளுத்து. காலடிச் சத்தம் நின்று நாலு நிமிடம் ஆயிற்றாம். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

வீடு இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். வெயில் படத்தில் விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறது. அவர் இப்போது அதிகம் நடப்பதில்லை; அந்தக் கார்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் அவரை நடக்கவிட்டதில்லை.

அவர்கள் புதுவீட்டுக்குக் குடிபோன வாரத்தில் மைத்துனன் கடை மேசையின் அடி இழுப்பறையைக் காலி செய்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் மாமாவுக்கு விற்ற அந்தக் கார்டு, பெட்டிக்குள் பொருத்த மறந்துபோய், உறைகூடப் பிரிக்கப்படாமல் அங்கே இருந்தது.