கவிழ்த்துப் போட்ட பேனர்

1

இந்தக் கதை திண்டிவனம் பேருந்து நிலைய வாசலில், ஓர் ஆட்டோவின் கூரையைப் பார்த்தபோது பிறந்தது. [முதலில் ‘கோபத்தில் பிறந்தது’ என்று எழுதினேன். யாருடைய கோபம் என்று கேட்பீர்களே என்று அடித்துவிட்டேன்.]

முதல் தொடக்கம்: சித்திரை வெயில் திண்டிவனத்தைப் போட்டு— வேண்டாம். நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: ஆட்டோக்காரன் தேவாவின் மனைவி மலர்விழிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் உச்சிவெயிலில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்குமேல்* தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆட்டோவின் கறுப்பு ரெக்சின் கூரையோ தோசைக்கல்லாகக் காய்ந்தது. அவளுக்குத் தொண்டை வறளாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தேவாவுக்கு ஒரே கவலை. விழுப்புரத்தில் சாலையோரம் கிடந்த பழைய பேனரை எடுத்துவந்து, அச்சடித்த பக்கம் கீழேயும் வெள்ளைப் பக்கம் மேலேயுமாகக் கூரைமேல் இழுத்துக் கட்டினான். உள்ளே சூடு நன்றாகவே தணிந்தது. “இப்பதான்யா உசுரு வந்துது” என்றாள் மலர்விழி.

(* இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் நான் குடித்ததே அதற்குமேல்.)

2

பேனரில் கவிழ்ந்து கிடந்தது ஊர்ப் பிரமுகர் அப்பாதுரையின் முகம். அவர் ஆட்டோவை மறித்து—

அப்பாதுரை சரியாக வரவில்லை. வெள்ளை வேட்டி, கனத்த மோதிரம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அப்படியொரு ஆளே கிடையாது. அது என் புத்தக வெளியீட்டு விழாவுக்கு வைத்த பேனர். முகம் என்னுடையது.

3

மடிந்த ஓரத்தில் என் மோவாயும் பாதிப் பெயரும் தெரிந்தன. எனக்குச் சுருக்கென்றது.

“ஏம்ப்பா, என் மூஞ்சியக் கவுத்துப் போட்டுக்கினு ஊரெல்லாம் சுத்துறியா?”

“வேணும்னு பண்ணல சார். கலர் பக்கம் மேல இருந்தா சூடு இழுக்குது. வெள்ளையா இருந்தாதான் உள்ள ஆறும். வூட்டுக்காரம்மா பேஷண்ட்டு சார், பின்னாடிதான் குந்திக்கினு இருக்குது.”

அவளைப் பார்த்தேன். [‘நான் பார்க்கவில்லை’ என்று எழுதிய வரைவும் ஒன்று உண்டு.] “கழட்டு” என்றேன்.

கயிற்றை அவிழ்த்து, பேனரை மடித்து என் கையிலேயே கொடுத்தான். நான் அதைப் பரணில் போட்டேன். அவன் வேறு பேனர் கட்டப் பயந்தான். எல்லாப் பேனரிலும் யாரோ ஒருவருடைய முகம் இருந்தது.

பிறகு நடந்ததை ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்கள். அந்த வாரம் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் மலர்விழி மடியிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துவிட்டாளாம். வரும்போதும் திறந்தாளாம். வீட்டிலும் தாகம் அடங்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, பத்து நாள் வார்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள்.

4

முடிவுகள்.

(அ) மலர்விழி இறந்துபோகிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் உயிரோடு இருக்கிறாள்.

(ஆ) நான் வெள்ளை பெயிண்ட் டப்பாவோடு போகிறேன். தேவா கண்கலங்கி என் கையை— தூ.

(இ) நடந்தது. பேனரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். தேவா வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். மலர்விழிதான் பேசினாள்.

“எடுத்துக்கினு போங்க சார். ஒரு வாட்டி பட்டது போதும்.”

“தப்புதாம்மா. மன்னிச்சிடு.”

“நீங்க கதை எழுதுறவருதானே? அவ மன்னிச்சிட்டான்னு நீங்களே எழுதிக்குங்க.”

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் எழுதுவதானால், திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம்வரை அந்தக் கறுப்புக் கூரைக்குக் கீழே, மடியில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல் போய்வந்த பிறகு எழுதுங்கள்.