இரண்டாம் முறை கேட்காதவள்

மார்கழி பிறந்ததும் சேர்வராயன் மலை தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். விடியலுக்கு முன்பே பள்ளத்திலிருந்து ஏறிவரும் பனி, குப்பனூர்ச் சாலையின் வளைவுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, தோட்டங்களின் வேலி தாண்டி, கடைசியில் ஏரியையும் கரையையும் ஒரே வெண்மையில் ஆழ்த்திவிடும். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் நீறு பூசிய அடியார்களைப் போல வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள் சிவந்த பழங்களை இலைக்குள் ஏந்திக் காத்திருக்கும். கதிரவன் எழுந்த செய்தி மலைக்கு வந்துசேர நெடுநேரம் ஆகும். அதுவரை கேட்பவை, இலை நுனியிலிருந்து சொட்டும் நீரும், ஏதோ ஒரு வீட்டில் தாழ்ந்த குரலில் தொடங்கும் பாட்டுமே.

அந்தப் பாட்டுகளில் ஒன்று சசிகலாவுடையது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மார்கழி விடியலையும் அவள் உறங்கிக் கழித்ததில்லை. குளித்து, கோலமிட்டு, விளக்கேற்றி, பாடி, பொங்கலைப் படைத்த பிறகே அவள் வீட்டில் மற்றவர் வாயில் ஒரு பருக்கை போகும். அவளுக்கும் கணவர் வெங்கடேஷுக்கும் ஏற்காட்டில் எட்டு ஏக்கர் காப்பித் தோட்டம். வீட்டை ஒட்டி, விருந்தினர் தங்க இரண்டு அறைகள். "சசிகலா ஊட்டுல போதும்னு சொன்னாத்தான் மூணாவது தோசையே வரும்" என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த வேடிக்கை காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே குளிரும். வந்தவர் வயிறு நிறைவது தன் பூஜையில் ஒரு பகுதி என்றே அவள் நம்பியிருந்தாள்.

அந்த மார்கழியின் முதல் வாரத்தில், மலைத் தோட்டக்காரர் சிலரோடு காப்பிக் கண்காட்சிக்காக அவள் ஹெல்சிங்கி போகும்படி ஆயிற்று. கண்காட்சி முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்ப, அவள் மட்டும் ரயிலேறி, அதே நாட்டின் துர்க்கு நகருக்குப் போனாள். அங்கே ஹெல்வியும் அவள் கணவன் ஓலவியும் இருந்தார்கள். ஏற்காட்டுப் பறவைகளை ஆராய வந்து, இரண்டு குளிர்காலம் சசிகலா வீட்டிலேயே தங்கிப் போன நண்பர்கள். "எங்கள் குளிரையும் ஒரு வார இறுதி பார்த்துவிட்டுப் போ" என்று எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கே இருட்டியிருந்தது. ஆற்றோரத்து நான்காம் மாடி வீட்டில் காலணி கழற்றி உள்ளே நுழைந்ததும், "பட்டாணி சூப் இருக்கிறது, சாப்பிடுகிறாயா?" என்று ஹெல்வி கேட்டாள்.

காலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தோடு இருந்தாள் சசிகலா. ஆனாலும் வாய் பழகிய வழியில் போயிற்று. "இல்லை, இல்லை, இருக்கட்டும்."

"சரி" என்றாள் ஹெல்வி. சட்டியை மூடினாள்.

சசிகலா ஒரு கணம் அந்த மூடியையே பார்த்தாள். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். 'அதெப்படி, அவ்வளவு தூரம் வந்துவிட்டு' என்று ஒரு குரல் எழ வேண்டும். மீண்டும் மறுக்க வேண்டும். தட்டு கைக்கு வரவேண்டும். 'சும்மா கொஞ்சம் போதும்' என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். ஹெல்வியோ அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையைக் காட்டப் போய்விட்டாள்.

இரவுணவில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு மட்டும் வைத்துக்கொண்டாள், அடுத்த கரண்டி தானே வரும் என்று நம்பி. வரவில்லை. "நீ பறவை மாதிரிச் சாப்பிடுகிறாய்" என்றான் ஓலவி, மெச்சும் குரலில்.

சனிக்கிழமை நகரைக் காட்டினார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் அடிவானத்தில் செம்பு நிறத்தில் ஒரு கோடு எழுந்தது, அதுதான் பகல். ஆறு உறைந்து கிடந்தது. அணைக்கட்டின் அருகில் மட்டும் நீர் திறந்திருக்க, அங்கே நூற்றுக்கணக்கான வாத்துகள் நெருங்கியடித்து மிதந்தன. சிறிய படகொன்று பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓயாமல் போய்வந்தது. அதற்குக் கட்டணம் கிடையாது என்று ஓலவி தன் சொந்தப் படகைக் காட்டுவதுபோல் சொன்னான். ஏழு நூற்றாண்டு கண்ட தேவாலயத்தின் உள்ளே கற்தூண்களின் நடுவில் நின்றபோது, இறைவனைத் தேடி இத்தனை உயரம் கட்டியவர்களை எண்ணிச் சசிகலாவின் கண்கள் நனைந்தன. நனைந்ததில் பாதி பசி என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

பழைய செங்கல் அங்காடிக்குள் நுழைந்ததும் ஏலக்காய் மணம் முகத்தில் மோதியது. சுடச்சுட ஏலக்காய் ரொட்டி. அவள் கால் தானாக நின்றது.

"ஒன்று வேண்டுமா?" என்றாள் ஹெல்வி.

"எனக்கா? இருக்கட்டும், இருக்கட்டும்."

ஹெல்வி இரண்டு வாங்கினாள். இருவரும் அவள் எதிரில் அமர்ந்து, விரல் நுனியில் ஒட்டிய சர்க்கரை வரைக்கும் தின்றார்கள். சசிகலா கண்ணாடிப் பெட்டியில் இருந்த மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்பது எப்படி? தன் வீட்டில் ஒரு விருந்தாளி வாய்திறந்து கேட்கும்படி ஆகியிருந்தால் அவள் அன்று முழுவதும் அழுதிருப்பாள். அப்படிப்பட்டவள் பிறர் வீட்டில் வாய்திறந்தால் சோற்றுக்கு அலைபவள் என்று ஆகிவிடாதா?

அன்று மாலை ஹெல்வி அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். பாலில் குழைந்த அரிசி, மேலே வெண்ணெய், பட்டைத்தூள். அரிசியின் மணம்! ஒரு சின்னக் கிண்ணம் உண்டாள். "இன்னும்?" என்ற கேள்வி ஒருமுறை வந்தது. "போதும்" என்று அவளே தமிழில் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை ஹெல்வி ஏற்காட்டில் கற்றிருந்தாள். "ஆ, போதும்!" என்று சிரித்து, மிச்சக் கஞ்சியைச் சட்டியோடு கண்ணாடி அடைத்த பால்கனியின் குளிரில் கொண்டுபோய் வைத்தாள்.

ஞாயிறு காலை எட்டு மணி. வெளியே இன்னும் இருள். வீடு அசையவில்லை. சசிகலா சால்வையைப் போர்த்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தாள். சட்டி பனிக்கட்டிபோல் இருந்தது. கஞ்சி கூழாக இறுகியிருந்தது. கரண்டி தேடப் பொறுமை இல்லை. நின்றபடியே கையால் அள்ளி வாயில் வைத்தாள். விழுங்கும் முன்னே அடுத்த கை. குளிக்கவில்லை, விளக்கில்லை, ஒரு வரி பாட்டுக்கூட மனத்தில் எழவில்லை.

விளக்கு எரிந்தது.

"அணில் புகுந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றான் ஓலவி, இரவு அங்கியோடு. அவன் பின்னால் ஹெல்வி நின்றாள். சசிகலாவின் கை மணிக்கட்டுவரை கஞ்சியாக இருந்தது. முகவாயிலும் கொஞ்சம்.

யாரும் ஏளனம் செய்யவில்லை. அதுவே தாங்க முடியாததாக இருந்தது. ஹெல்வி சட்டியை வாங்கி அடுப்பில் வைத்துச் சூடாக்கினாள். "பசியோடா இருந்தாய்? இரண்டு நாளாகவா? ஏன் சொல்லவில்லை?"

"எங்கள் ஊரில்…" என்று தொடங்கினாள் சசிகலா. "எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம். அது மரியாதை. கேட்கிறவர் விடமாட்டார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்பார். பசி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நீ என் வீட்டில் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன். எனக்கு உன்னிடம் போதும் என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சொல் வந்தது" என்றாள் ஹெல்வி. கலக்கியபடியே யோசித்தாள். பிறகு, புதிய பறவை ஒன்றின் பெயரைச் சரிபார்த்துக்கொள்வதுபோல் கேட்டாள்: "ஆனால் பாவாயி? காலையில் பாத்திரம் கழுவ வருவாளே. நீ சாப்பிடுகிறாயா என்று கேட்பாய். அவள் 'இருக்கட்டுங்க' என்பாள். நீ மூடி வைத்துவிடுவாய். தினமும் பார்த்தேன். அதைப் பார்த்துத்தான், உங்கள் ஊரிலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலும், எங்களுக்கு மட்டும் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். அவளுக்கு அப்போது பசித்ததா?"

அவள் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவே.

சசிகலாவின் வாய் ஒரு பதிலுக்காகத் திறந்தது. அது வேறு, அவள் வேலைக்கு வருபவள், அவளுக்குக் கூச்சம், அவள் வீட்டிலேயே உண்டு வருவாள்: எத்தனையோ சொற்கள் நாக்கின் நுனிவரை வந்து, ஒவ்வொன்றாகக் கஞ்சியோடு உள்ளே இறங்கின. வாழவந்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பாத்திரம் துலக்கி, வாசல் பெருக்கி, பிறகு கூடையைக் கட்டிக்கொண்டு காப்பி பறிக்க இறங்குபவள் பாவாயி. பதினோரு ஆண்டுகள். ஒவ்வொரு காலையும் சசிகலா ஒருமுறை கேட்டாள். ஒரே ஒருமுறை. அந்த மறுப்பின் பொருள் தனக்குத் தெரியும் என்பதும், தெரிந்தே மூடியை மூடினோம் என்பதும், இந்த இருண்ட காலையில் ஈரக் கையோடு நிற்கும்போது அவளுக்கு முழுதாகப் புலப்பட்டன.

"பசித்திருக்கும்" என்றாள்.

ஹெல்வி கிண்ணத்தை நிறைத்து வைத்தாள். அன்று பழைய கோட்டையைக் காட்டினார்கள். கொடுத்ததையெல்லாம் சசிகலா முதல் சொல்லிலேயே வாங்கி உண்டாள். ஆனால் நிமிர்ந்து எதையும் பார்க்கவில்லை. துர்க்கு நகரத்தில் அவளுக்கு நினைவிருப்பது தன் காலடிப் பனிதான்.

மலைக்குத் திரும்பிய மறுநாள், பாவாயி கொல்லைப்புறம் பெருக்கிக்கொண்டிருந்தபோது சசிகலா கதவருகில் வந்து நின்றாள்.

"பாவாயி, பொங்கல் வெச்சிருக்கேன். உள்ளார வந்து உக்காரு."

"இருக்கட்டுங்கம்மா."

"ரெண்டு வாய் சாப்பிடு. நெய் ஊத்தி வெச்சிருக்குது."

துடைப்பம் நின்றது. "இல்லீங்க, இருக்கட்டுங்க."

"ஆறிப் போயிருமில்ல? வா பாவாயி."

பாவாயி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஏனுங்கம்மா, என்னைய வேலைய உட்டு நிறுத்தறீங்களா?"

உள்ளிருந்து வெங்கடேஷ் உரக்கச் சிரித்தார். "பயப்படாத பாவாயி! உங்கம்மா பனி நாட்டுக்குப் போயிட்டு வந்ததுலருந்து இப்படித்தான். நேத்து எனக்கே காப்பி வேணுமான்னு நாலு தடவ கேட்டா. நாலாந்தடவ வேணும்னேன், பால் தீந்துபோச்சுங்கறா!"

சசிகலா சிரிக்கவில்லை. பாவாயி கேட்ட கேள்வி இன்னும் அவள் நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது. மூன்று முறை உண்ணச் சொன்னால் வேலை போய்விடும் என்று ஒருத்தியை அஞ்சவைக்க, எத்தனை காலைகள் தேவைப்பட்டிருக்கும்?

"பாவாயி" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ வேண்டாங்கறது மரியாதைக்குத்தான்னு எனக்குத் தெரியும். இத்தன வருசமாத் தெரியும். தெரிஞ்சேதான் மறுக்காக் கேக்கல."

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுமுங்க" என்றாள் பாவாயி. அதில் சினம் இல்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். "மொத வருசம் வெறும் வயித்தோட வருவனுங்க. வந்து நின்னா கண்ணு தன்னால சட்டியப் பாக்குது. எனக்கே கூச்சமாப் போச்சு. அப்பறம் பஸ்ஸு ஏறக்குள்ளயே களி தின்னுபோட்டு வாரது. இன்னிக்கும் தின்னாச்சுங்க. நெசமாவே பசியில்லீங்க."

கொடுக்க வந்த கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

பாவாயி துடைப்பத்தை எடுத்தாள். நான்கடி பெருக்கிவிட்டுத் திரும்பினாள். "அப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டா நான் எப்புடி வேலை பாக்கறது? நாளைக்கித் தின்னாம வாரனுங்க. ஒருக்காக் கேட்டாப் போதும்."

மறுநாள் சசிகலா விளக்கேற்றினாள். பாட நா எழவில்லை. விருந்தினர் அமரும் கூடத்தில் தலைவாழை இலை விரித்தாள். ஒருமுறை கேட்டாள். பாவாயி கால்களைக் கழுவிக்கொண்டு வந்து, இலைக்கு எதிரே உடம்பைக் குறுக்கி அமர்ந்தாள். முதலில் மெதுவாக, பிறகு பசியின் வேகத்தில் உண்டாள். இரண்டாம் கரண்டிக்குப் பிறகு, "போதுங்க" என்றாள்.

கரண்டி சசிகலாவின் கையில் நின்றது. எத்தனையோ விருந்தினரின் 'போதும்' எந்த அளவு என்று கண்ணாலேயே அளந்தவள் அவள். இந்த ஒருத்தியின் வயிற்றளவு அவளுக்குத் தெரியவில்லை. அந்த அறியாமை முகத்தைச் சுட்டது.

"நெசமாவா பாவாயி?"

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். உதட்டோரம் மெல்ல நெளிந்தது. "இன்னொரு கரண்டி வெய்யுங்க. நொம்ப வெச்சுறாதீங்க."

உண்டு முடித்து இலையை மடித்து அவள் எடுக்கப் போனபோது, சசிகலா குனிந்து அதைத் தன் இரு கைகளாலும் வாங்கினாள். "ஐயோ, உடுங்கம்மா" என்ற குரலுக்கு நிற்கவில்லை. கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, இலை இருந்த இடத்தில் நீர் தெளித்தாள். மண்டியிட்டு, ஒரு பருக்கை விடாமல் துடைத்தாள். பிறகு அந்த ஈரத் தரையில், பூஜை அறையில் தாழ்த்தும் அதே தலையைத் தாழ்த்தி வைத்தாள். வெட்கம் போய்விடவில்லை, அதையும் சேர்த்தே வைத்தாள்.

பாவாயி திகைத்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல், நெய் மணக்கும் ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அந்த நரைத்த உச்சியின் மேல் மெல்ல வைத்தாள்.

"எந்திரிங்க சாமி. மலை மேல இருக்கற சேர்வராயன் உங்களையும் உங்க ஊட்டையும் ஒரு கொறையுமில்லாம வெச்சிருக்கட்டும். நல்லா இருங்க."