ஃபார்மட் செய்யவா?

கமலக்கண்ணனின் கட்டைவிரல் திரையில் படுவதற்கு ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. ரூபி பாய்ந்து அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"அழிக்கப் பாக்குறீங்க சார்."

"அழிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? நீயே படி."

படித்தாள். 'இந்த மெமரி கார்டு ஆதரிக்கப்படவில்லை. பயன்படுத்த ஃபார்மட் செய்யவும்.' அதற்குக் கீழே நீலப் பட்டன், கொழுத்த ஈ மாதிரி உட்கார்ந்திருந்தது.

கமலக்கண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த கெஸ்ட் ஹவுஸின் முதலாளி அவர். ரூபி அங்கே ஆறு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறவள். நேற்றுக் காலை மாடி அறையில் தங்கியிருக்கும் மதாம் செலஸ்தினின் சங்கிலி காணாமல் போனதாகச் சொன்னார்கள். பாரிஸிலிருந்து வந்த நம்மூர் அம்மாள்தான். ரூபி அந்த அறையிலிருந்து வெளியே வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகக் கமலக்கண்ணன் சத்தியம் பண்ணினார்.

"நான் உள்ளயே போகல சார். வராண்டால கேமரா இருக்குல்ல, போட்டுப் பாருங்க" என்று காலையிலிருந்து கத்தி, அவள்தான் அந்தக் கார்டைக் கழற்ற வைத்திருந்தாள். அவர் அதை ரிசப்ஷன் போனில் செருகிக் காட்டிய லட்சணம் இது.

"கார்டு வாங்குன அன்னைக்கே இப்படித்தான் சொல்லிச்சு. செத்த கார்டு. திருடன் பயப்படட்டும்னு சும்மா மாட்டி வெச்சேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வா. நீயே ஒத்துக்கிட்டா அடி இல்லாம முடியும்."

ரூபிக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. ஸ்டேஷனில் ஒருமுறை பெயர் எழுதிவிட்டால் இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும்? போனின் பின்மூடியை நகத்தால் பிளந்தாள். கார்டை உருவி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"எடுத்துட்டுப் போ, போ. பூஜை போட்டுப் பாரு" என்று மேலேயிருந்து சிரிப்பு துரத்தியது.

அந்தச் சிரிப்புக்காகவே ஸ்கூட்டியை இன்னும் முறுக்கினாள். எதிரே வந்த டூரிஸ்ட் வேன்காரன் ஏதோ திட்டினான். திருப்பி அதைவிடக் கெட்டதாக ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

குருசுக்குப்பம் வீட்டில் அவள் புருஷன் தனிஸ்லாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் போனில் கார்டைப் போட்டாள். அதே வாசகம், அதே நீலப் பட்டன்.

"விட்டுடு ரூபி. ஸ்டேஷனுக்குப் போயி கையக் கால புடிச்சு..."

"யார் கால? நான் எடுத்தேனா?"

"அதச் சொல்லல..."

"பேசாத. சோத்த தின்னு."

பக்கத்து வீடுதான் தனிஸ்லாஸின் தம்பி ஜெர்ரிக்கு. டூரிஸ்ட்டுகளுக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். போன மாதம்தான் தவணையில் புதுப் போன் வாங்கியிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"பட்டன அமுக்கலயே அண்ணி?"

"அமுக்க விடல."

"நல்ல வேள. இது பெரிய கார்டு, நூத்தி இருபத்தெட்டு ஜிபி. பெரிய கார்டெல்லாம் எக்ஸ்ஃபேட்னு வேற முறையில எழுதும். பழைய போனுக்கு அது படிக்கத் தெரியாது. தெரியலன்னு ஒத்துக்காம, கார்டு சரியில்ல, அழிச்சிடவான்னு கேக்கும்."

"உங்க அண்ணன் மாதிரி."

"இவருக்கு மட்டும் எப்படித் தெரியும்னு கேளுங்க அக்கா" என்றாள் வாசலில் நின்ற ஜெர்ரியின் மனைவி ரோசா. "எங்க கல்யாண போட்டோ மொத்தமும் இருந்த கார்டு. ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு. ஐயா உடனே சரின்னுட்டாரு."

"கம்மலக் கழட்டுடி, ட்ரே தொறக்கணும்."

ரோசா முறைத்தபடியே கழற்றிக் கொடுத்தாள். கம்மல் காம்பால் குத்தியதும் ட்ரே வெளியே வந்தது. கார்டு உள்ளே போனது. போன் யோசித்தது. ரூபி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

திறந்தது. தேதி வாரியாக வரிசை வரிசையாக வீடியோக்கள்.

செத்த கார்டாம். மாட்டிய நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஜெர்ரி நேற்றுக் காலையைத் தேடி ஓடவிட்டான். வராண்டா. கழுத்துவரை மூடிய ரவிக்கையும் சால்வையுமாக மதாம் சர்ச் பூசைக்குக் கிளம்பிப் போனார். வாளியோடு ரூபி வந்தாள். வாளிப் பிடி கிணுங்கும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. மதாம் அறைக் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. அடுத்த அறைக்குப் போனாள். அவ்வளவுதான்.

"தப்பிச்சோம் அண்ணி. இது போதும், ஸ்டேஷன்ல காட்டலாம்."

ரூபியின் போன் அடித்தது. கமலக்கண்ணன்.

"என்னம்மா, பூஜை முடிஞ்சுதா? அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்துடுவாரு."

"நீங்க என்னப் பாத்தது எந்தக் கண்ணால சார்?"

"என்ன?"

"கதவு பூட்டியிருந்துச்சு. நான் உள்ள போகல. அப்புறம் எதப் பாத்து சத்தியம் பண்ணுனீங்க? வாயில புழு வைக்கும்யா உனக்கு."

அவள் துண்டித்தாள்.

"ஓடவிடு ஜெர்ரி."

"எதுக்கு? உங்க பேரு கிளியர் ஆயிடுச்சே."

"எடுத்தவன் எவன்னு எனக்குத் தெரியணும். அவன் மூஞ்சியப் பாக்காம நான் சோறு திங்க மாட்டேன்."

வீடியோ நகர்ந்தது. காலி வராண்டா. ஒரு பூனை. மதாம் திரும்பி வந்தார். வெயிலுக்குச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டிருந்தார், ரவிக்கையின் மேல் பொத்தானையும் தளர்த்தியிருந்தார்.

ஜெர்ரி சட்டென்று நிறுத்தினான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான்.

"அண்ணி, கழுத்தப் பாருங்க."

கழுத்தில் சங்கிலி மின்னியது. காணாமல் போனதாகச் சொன்ன அதே சங்கிலி.

ரூபி தானே திரையைத் தொட்டு ஓடவிட்டாள். வீடியோவில் அடுத்துப் படியேறி வந்தவர் கமலக்கண்ணன். மதாம் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"திருட்டுப் போச்சுன்னு போலீஸ் பேப்பர் இல்லாம அங்க பாரிஸ்ல அசுரான்ஸ்காரன், அதான் இன்ஷூரன்ஸ்காரன், ஒரு சல்லி தர மாட்டான் முசியே. உங்க பங்கு வேணும்னா பேப்பர் வாங்கிக் குடுங்க."

"வாங்கிடலாம் மதாம். யார் மேல சந்தேகம்னு கேப்பாங்க, ஒரு பேரு சொல்லணும்."

மதாம் அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். நேராக ரூபியைப் பார்ப்பது போலிருந்தது.

"இது?"

"அது செத்தது மதாம், பயப்படாதீங்க." கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "ரூபின்னு சொல்லுங்க. குருசுக்குப்பம் பொண்ணு. நல்லவதான். யாரையும் எதிர்த்துப் பேச மாட்டா."