உள்பக்கத் தையல்

சட்டையை மேசையில் குப்புறப் போட்டு, விலாத் தையலுக்குள் பிளேடின் நுனியை மாஸ்டர் நுழைத்தபோது, தகன நிலையத்துப் பெண் இரண்டாவது முறையாகக் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"முதுகுல நேரா ஒரு வெட்டு போதும் சார். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றோம். படுத்திருக்கிறவங்க முதுகை யார் பார்க்கப் போறாங்க?"

"நான் தைச்ச சட்டைம்மா. வெட்ட மனசு வரல."

"கை மடங்காது சார். போட முடியாது."

"அதுக்குத்தான் பிரிக்கிறேன். ஒரு அரை மணி நேரம் குடு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. பதினொன்றுக்குக் கூடத்தைத் திறக்க வேண்டும். சரி என்று தலையசைத்து, கத்தரிக்கோலைத் தன் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டு விலாவையும், அக்குளிலிருந்து மணிக்கட்டுக் கஃப் வரை கையின் அடித்தையலையும் பிரித்துவிட்டால் சட்டை விரித்த துணியாகிவிடும். முதுகுப் பாகத்தை உடலுக்கு அடியில் நகர்த்தி, முன்பாகங்களை மேலே கொண்டுவந்து, கைகளைச் சுற்றி மூடி, எல்லாவற்றையும் மறுபடி கைத்தையலாகப் போட்டுவிடலாம். காலையில் பஸ்ஸில் வரும்போதே மாஸ்டர் மனசுக்குள் ஒருமுறை தைத்துப் பார்த்திருந்தார். ஒரே கஷ்டம், அது அவரே போட்ட இரட்டைத் தையல். ஸ்டியரிங் பிடிக்கிற கைக்குத் தாங்கட்டும் என்று, லேசில் பிரியாதபடி போட்டது. நான்கு மாதம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாளில் போட்டுக்கொள்ளட்டும் என்று தைத்த வெள்ளைச் சட்டை. இன்னும் ஒருமுறைகூடத் துவைக்கவில்லை.

பின்னால் சக்கரக் கட்டிலில், கழுத்துவரை மூடிய துணியோடு டிரைவர் படுத்திருந்தான்.

வீட்டிலும் அவன் டிரைவர்தான், இவர் மாஸ்டர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அக்குள் கிழிந்த யூனிஃபார்மோடு கடைக்குள் வந்தவன் அப்படிக் கூப்பிட்டதுதான். அப்படியே ஒட்டிக்கொண்டது.

"மூச்சு விட்டா கிழியுது மாஸ்டர்."

"அப்ப விடாதீங்க."

"எனக்கு ஒழுங்கா வர்றது அது ஒண்ணுதான். அதையும் நிறுத்தச் சொல்றீங்களே."

அன்றைக்கு மாஸ்டர் அதை வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தார். டிரைவருக்குப் புத்தரிடம் ஓர் ஈடுபாடு உண்டு. கோயில், குரு என்றெல்லாம் இல்லை. நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரோடு கண்மூடி உட்காருவான், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் அவனுடைய தியானம் பதினேழாம் நம்பர் பஸ்ஸில்தான் நடந்தது. நிறுத்தத்தில் கதவு திறக்கும்போது மூச்சை வெளியே விடுவான். மூடும்போது உள்ளே இழுப்பான். ஒரு நடைக்கு முப்பத்தோரு நிறுத்தம். டெப்போவில் அவனுக்கு 'மூச்சு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"கூட்ட நேரத்துல கதவு மூடவே மூடாதே. அப்ப என்ன பண்ணுவே?" என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"ஏறுறவங்க ஏறட்டும்னு இருப்பேன்."

முந்தாநாள் பிற்பகல் ஆஸ்பத்திரி வார்டில் டீ வண்டி வந்தபோது, தானாகத் திறக்கிற அந்தக் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில் அதன் சக்கரம் மாட்டிக்கொண்டது. கதவு மூட வரும். வண்டியில் இடித்துத் திரும்பிப் போகும். டிரைவர் ஒரு மூச்சை வெளியே விட்டிருந்தான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். டீக்காரர் வண்டியைத் தூக்கி உள்ளே வைத்ததும் கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகும் மாஸ்டர், உள்ளே இழுக்கிற மூச்சுக்காகச் சற்று நேரம் காத்திருந்தார்.

கடைசி நூல் பிரிந்தது. பெண் ஒரு தோளைத் தூக்க, மாஸ்டர் மறுதோளைத் தூக்கி, துணியை அடியில் நகர்த்தினார்.

"நல்ல கனமான ஆளு போல."

"மூணு மாசத்துக்கு முன்னாடி பார்த்திருக்கணும் நீ. இது பாதி."

ஊசி தோலில் பட்டுவிடாமல் இருக்க, துணிக்கும் உடலுக்கும் நடுவில் இடது கையைக் கொடுத்துக்கொண்டு விலாவைத் தைத்தார். இரண்டு தடவை அவர் விரலிலேயே குத்தியது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தார். வெள்ளையில் கறை விழக் கூடாது.

பெண் அடுத்த கையை ஒழுங்குபடுத்தும்போது கஃபின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டாள். "உள்ள என்ன சார், கலர் கலரா?"

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. நூல் நூலாக ஆறு வரிசை, விளிம்பை ஒட்டி.

"மிச்ச நூலும்மா. சும்மா போட்டது." சொன்னதும் மாஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் ஒருமுறை நூலைப் பார்த்தாள், ஒருமுறை அவரைப் பார்த்தாள். "மிச்ச நூல் இவ்வளவு வரிசையாவா சார் வந்து நிக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சீப்பை எடுத்துத் தலைவாரப் போய்விட்டாள்.

மாஸ்டர் இரண்டு கஃபிலும் பட்டனைப் போட்டார். நிறங்கள் மணிக்கட்டுப் பக்கம் திரும்பி மறைந்தன.

அந்தத் தையலுக்கு ஒரு சண்டையே நடந்திருக்கிறது. டிரைவர் முதலில் கேட்டது பாக்கெட்டின் மேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. "கடைக்கு நாலு பேர் வந்து போறாங்க, உன் சட்டையை யார் தைக்கிறதுன்னு ஊருக்கே தெரியும்" என்று மாஸ்டர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் உள்பக்கம் என்று முடிவாயிற்று. அதிலிருந்து எல்லாச் சட்டைக்கும் உள்பக்கம்.

வீட்டு வாசலில் பட்டன் போட்ட கையோடுதான் டிரைவர் கிளம்புவான். ஒருநாள் துணி மூட்டையோடு பதினேழாம் நம்பரில் ஏறிய மாஸ்டர் பார்க்கிறார், ஸ்டியரிங் மேல் இருந்த இரண்டு கையிலும் கஃப் வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு. ஏறுகிற இறங்குகிற அத்தனை பேர் கண்ணுக்கும் எதிரே ஆறு நிறமும் பளிச்சென்று.

"என்ன பேசினோம் நாம?" என்று மாலையில் கேட்டார்.

"உள்ள தைக்கிறதுன்னு பேசினோம். மடிக்கக் கூடாதுன்னு பேசலையே."

"யாராவது ஏதாவது சொன்னா?"

"ஒரு பாட்டியம்மா நல்லாருக்கேன்னாங்க. ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். ரெண்டு பேரையும் அவங்கவங்க ஸ்டாப்ல இறக்கிவிட்டேன்."

வருடத்துக்கு ஒருநாள் அவர்களைப் போன்றவர்கள் அதே ஆறு நிறக் கொடியோடு பெரிய சாலையில் நடந்துபோவார்கள். டிரைவர் முதல் வரிசையில் இருப்பான். மாஸ்டர் பஸ் நிறுத்தத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைத் தாண்டும்போது டிரைவர் கையை ஆட்டிக் கத்துவான். "சார், இந்த வண்டி இங்க நிக்காது! ஓடி வந்து ஏறிக்கணும்!" பக்கத்தில் நிற்பவர்களோடு சேர்ந்து மாஸ்டரும், யாரையோ சொல்கிறான் என்பது போலச் சிரிப்பார்.

ஒருமுறை மட்டும் அவர் எதிர்த்துப் பேசினார். கடையில் விழுந்த வெட்டுத்துணியையெல்லாம் அடைத்து அவரே தைத்துக்கொடுத்த வட்டத் திண்டின் மேல் டிரைவர் உட்கார்ந்திருந்தான். "எதையும் பிடிச்சுக்காதேங்கிறதுதானே உங்க புத்தர் சொல்றது? அப்புறம் இந்தப் பேரை மட்டும் எதுக்கு இந்தப் பிடி பிடிக்கிறே? நாம யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? விட்டுடேன்."

டிரைவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "கையில இருக்கிறதைத்தானே மாஸ்டர் விட முடியும். நீ இன்னும் எடுக்கவே இல்லையே."

பத்தரைக்கு அக்கா வந்தாள். டிரைவருக்கு மூத்தவள், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்தவள். அழுது முடித்த முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. தம்பியின் நெற்றியில் கை வைத்து நின்றாள். பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"நீங்க தைச்சதா?"

"ஆமாங்க்கா."

"நல்லா இருக்கு." கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். கூடத்தில் வாசிக்கப்போகிற நாலு வரி. "ஒரு தடவை பார்த்துடுங்க தம்பி. தேதி கீதி தப்பா இருக்கப் போகுது."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறந்த தேதி சரி. முப்பத்தி மூன்று வருட வேலை சரி. 'அன்னையையும் சகோதரியையும் நீண்ட நாள் நண்பரையும் விட்டுப் பிரிந்தார்.'

"அம்மா வந்திருக்காங்க" என்றாள் அக்கா, தாளைப் பார்த்தபடியே. "எண்பத்தி நாலு வயசு. உங்களைப் பத்தி எனக்கு அவன் சொல்லி எத்தனையோ வருஷமாச்சு. நான்தான் அம்மா காதுக்குக் கொண்டுபோகாதேன்னு சத்தியம் வாங்கினேன். இன்னிக்குப் போய்... நீங்க முதல் வரிசையில உட்காரலாம் தம்பி, அதுல ஒண்ணுமில்ல. அந்த 'நண்பர்'ங்கிற வார்த்தை மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"பரவால்லக்கா."

"தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுல என்ன இருக்கு. ஒரு வார்த்தைதானே." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவன் இருந்தால் இப்படித்தான் விட்டுவிடச் சொல்வான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாம் முறை சொல்லிப் பார்த்தபோது அது சரியாக உட்காரவில்லை. அளவு தவறி வெட்டிய துணியை எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் குறைகிற மாதிரி இருந்தது.

கூடத்தில் நாற்பது பேர் இருக்கலாம். பாதிக்கு மேல் டெப்போ ஆட்கள், யூனிஃபார்மோடு. நேரக் கண்காணிப்பாளர் மாஸ்டரின் தோளைத் தொட்டு, "எங்க மூச்சு ஒருநாள் லேட்டா வந்ததில்ல சார். போறதுலயும் நாலு மாசம் முந்திக்கிட்டான் பாருங்க" என்றார். சிரிக்கப் பார்த்து, முடியாமல் ஜன்னல் பக்கம் போய்விட்டார். மாஸ்டர் யார் என்று அவர் கேட்கவில்லை. அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மடித்த கையோடு ஒருவன் பதினைந்து வருடம் பஸ் ஓட்டியிருந்தால் அவர்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

டிரைவரைக் கிடத்தியிருந்த பெட்டியின் வலப்பக்கம் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்திருந்தார்கள். சின்ன உருவம். மாஸ்டர் அவளை நேரில் பார்த்ததே இல்லை. மாதத்துக்கு இரண்டு நாள் டிரைவர் தனியாகப் போய்வருவான். 'வாயேன்' என்று ஒவ்வொரு மாதமும் கேட்பான். கல்யாண சீசன், கை ஒழியவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்.

அம்மா அழவில்லை. மகனுடைய வலது கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் மணிக்கட்டில் வந்து பட்டனில் தடுத்தது. பட்டனை நிமிண்டினாள். அது கழலவில்லை. மறுபடி முயன்றாள்.

"என்னம்மா?" பெட்டியின் மறுபக்கத்திலிருந்து அக்கா குனிந்தாள். "கலைக்காதேம்மா, பாவம், அழகா போட்டிருக்காங்க."

அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றாவது முறையாக விரல் பட்டனில் வழுக்கியது.

மாஸ்டர் எழுந்தார். பெட்டிவரை ஆறேழு அடி இருக்கும். அக்கா அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. அவர் போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். பட்டனைக் கழற்றினார். அம்மாவின் கை ஒதுங்கி இடம் கொடுத்தது. கஃபை வெளிப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து, ஓரத்தை நகத்தால் நீவிவிட்டார். வெள்ளைச் சட்டையின் மேல் ஆறு நிறமும் வரிசையாக வந்து நின்றன. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்த யாரோ பேச்சை நிறுத்தினார்கள்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தையலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீ யாருப்பா?"

அக்கா வாயைத் திறந்தாள். மாஸ்டர் முந்திக்கொண்டார். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாகவே வந்துவிட்டது.

"நான்தாம்மா அவனோட வாழ்ந்தவன். இருபத்திரண்டு வருஷமா. ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே குடும்பம்."

அம்மா பார்வையை மறுபடி தையலுக்குத் திருப்பினாள். விரலால் நூல் வரிசையை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். ஊதாவில் வந்து நின்றாள்.

"வந்தா சட்டையை நான்தான் துவைச்சுக் காயப்போடுவேன். இது எல்லாச் சட்டையிலயும் இருக்கும். யாருடா இவ்வளவு பொடிசா தைக்கிறதுன்னு கேட்டா, கூட்டிட்டு வர்றேம்மா, அடுத்த தடவை கூட்டிட்டு வர்றேம்மான்னுவான்."

அக்காவின் கையில் தாள் மடங்கியபடியே இருந்தது.

"வேலை அதிகம்மா" என்றார் மாஸ்டர்.

"அதையும் சொன்னான்." அம்மா மகன் கையைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் மறுபக்கம் மோவாயைக் காட்டினாள். "அந்தக் கையையும் மடி. ஒண்ணு மட்டும் மடிச்சா நல்லாவா இருக்கு?"

மாஸ்டர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். மறுபக்கம் நின்றிருந்த அக்கா, தாளைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அவருக்கு வழிவிட்டு ஓரடி நகர்ந்து நின்றாள்.