பதினொன்று, பண்டகசாலைத் தெரு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, கடலோரக் காலி நகரின் கோட்டையிலிருந்து பண்டகசாலைத் தெரு தன் பதினேழு வீடுகளோடும் கிளம்பி வந்து, ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆறாம் நம்பர் மலையில் நின்றது. ஒல்லாந்தர் காலத்துத் தூண்கள், பவளக்கல் சுவர்கள், எதிலும் விரிசல் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலை பிரித்த கங்காணி சிவஞானம் வழக்கம்போல ஆறாம் நம்பருக்குக் கொழுந்து பறிக்கப் பன்னிரண்டு பேரை அனுப்பினார்; அவர்கள் கூடையோடு வாசல் வாசலாகப் போய்விட்டு வெறுங்கூடையோடு திரும்பினார்கள்.

"மலை எங்க போச்சு?"

"காலிக்குப் போயிருக்கும் கங்காணி. நாமதான் கடலைப் பாக்கல, அதுவாவது பாத்துட்டு வரட்டும்" என்றாள் அவர்களில் ஒருத்தியான மாரியாயி.

தெரு இப்போது ஊவா மாகாணமா, தென் மாகாணமா என்று கிராம சேவகர் மூன்று நாள் குழம்பிவிட்டு லீவு போட்டார். பதினோராம் வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. குளிரில் நடுங்கியபடி கதவைத் திறந்த ஷம்ராவுக்கு, மாரியாயியின் மகள் லக்ஷனா தன் ஸ்வெட்டரைக் கொடுத்தாள்; பதிலுக்குக் கதவு இலக்கத்தைக் கேட்டாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு விலாசம் கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசில் போய்க் கிடக்கும். போன வருடம் ஆசிரியர் நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் லக்ஷனாவின் கைக்கு வந்தது. இந்த வருடத்தோடு அவளுக்கு வயதெல்லை முடிகிறது.

"எழுதுங்க தங்கச்சி, நம்பர் சும்மாதானே ஈக்கிது" என்றாள் ஷம்ரா.

லக்ஷனா கதவில் எழுதியிருந்ததை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினாள்: 11, பண்டகசாலைத் தெரு, கோட்டை, காலி. விண்ணப்பத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது.

"படிச்சவளாம்! வீட்டை இங்க வச்சிக்கிட்டு ஊரை அங்க எழுதியிருக்கா" என்று மாரியாயி ஒரு கிழமை திட்டினாள்.

நேர்முகப் பரீட்சை வெள்ளிக்கிழமை கொழும்பில் என்று மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். கடிதமில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். புதன்கிழமை காலிக் கோட்டையில் தபால்காரர், இருபத்திரண்டு வருடமாகத் திரும்பும் மூலையில் பழக்கத்தில் சைக்கிளைத் திருப்பி, ஷம்ராவின் வாசலில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கவில்லை. "கோட்டைக்குள்ள என்ன இந்தக் குளிர்?" என்று சிங்களத்தில் கேட்டு, கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் லக்ஷனா கடிதத்தோடு கொழும்புக்குப் பஸ் ஏறினாள்.

லக்ஷனாவுக்கு வேலை கிடைத்தது. விலாசத்தைப் பார்த்து, காலியிலேயே ஒரு பள்ளிக்கூடம் கொடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குத் தெருவின் மேல்முனையில் நுழைகிறாள். பகல் இரண்டரைக்கு, சேலை ஓரத்தில் கடல் மணலோடு லயத்துக்கு வந்து தேத்தண்ணி வைக்கிறாள்.