ஞானாம்பிகையின் முறை நாள்

1974 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. கோப்பாய்க்குக் கிழக்கே, தோட்டவெளியில் இருந்த எட்டுப் பங்குக் கிணற்றில் காலை ஆறு மணிக்கு நாலடித் தண்ணீர் நின்றது. பத்து மணிக்குக் கிணற்றின் அடி தெரிந்தது. இரண்டு மெசின்கள் இறைத்துக்கொண்டிருந்தன.

பதினொன்றே காலுக்கு ஞானாம்பிகை சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மெசின் சத்தம் அங்கேயே கேட்டது. வீட்டுப் பக்கம் திரும்பாமல், கையில் இருந்த பையோடு நேரே தோட்டப் பாதையில் நடந்தாள். ஒரு மணிக்கு வெடி என்று சொல்லியிருந்தார்கள்.

வெடிக்குச் சம்மதித்தவர்களில் அவளும் ஒருத்தி. மூன்று மாதமாய் மழை இல்லை. இறைக்கத் தொடங்கி நாலு மணித்தியாலத்தில் கிணறு மூச்சடங்கியது. அடிக்கல்லை இன்னும் ஆறடி உடைத்தால் ஊற்றுத் திறக்கும் என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொன்னவர் ஆழ்வாப்பிள்ளை. எட்டுப் பங்குக்காரரும் ஓம் என்றால்தான் கிணற்றில் கை வைக்கலாம். கிணற்று உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஞானாம்பிகையின் தோட்டத்தில் நாற்பது நாள் வெங்காயம் வாடி நின்றது. புருசன் போன பிறகு அவள் தனியே போட்ட மூன்றாவது போகம். "ஓம்" என்றாள். கிணற்றை வற்றவைக்க யாருடைய நாளை எடுப்பது என்று கேட்டபோது, திங்கட்கிழமை தன்னுடைய முறை, அதையே எடுங்கள் என்றும் சொன்னாள்.

முறை என்பது எட்டு நாளைக்கு ஒரு நாள். விடியத் தொடங்கி மறுநாள் விடியும்வரை கிணறு அந்த ஆளுடையது. குடிக்க அள்ளுவதைத் தவிர, அவர் சொல்லாமல் வேறு யாரும் ஒரு வாளி இறைக்க முடியாது. அண்ணன் தம்பி முகம் பாராத வீடுகளில்கூட முறை மட்டும் பிசகாமல் நடந்தது.

முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை ஞானாம்பிகை தங்கை பத்மாசினி வீட்டுக்குப் போய், இரவு அங்கேயே தங்கியிருந்தாள். வீடு உப்பாற்றுப் பக்கம். காலையில் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"என்னடி, சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டிட்டியோ?"

"எங்களுக்குப் பழகிப்போச்சு அக்கா. நல்ல தண்ணியெண்டால் கோயிலடிக்குப் போகவேணும். இண்டைக்கு நேரமில்லை."

பத்மாசினி கிணற்றைக் காட்டினாள். ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் கிடந்தது. போன வருடம் வெடி வைத்து ஆழமாக்கிய கிணறு. முதல் ஐந்து மாதம் ஊரே வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டதாம். ஆறாம் மாதம் வெங்காயத் தாளின் நுனி வெளிறத் தொடங்கியது. வெடி வைத்தது யாரென்று கேட்டாள் ஞானாம்பிகை.

"உங்கடை பக்கத்து ஆள்தான். கனகலிங்கம்."

இப்போது அதே கனகலிங்கம் அவளுடைய கிணற்றின் அடியில், கல்லில் நாலாவது துளையைப் போட்டுக்கொண்டிருந்தான். கிணற்றுக்கட்டைச் சுற்றிப் பங்குக்காரர் நின்றனர். இனி இரண்டு நாளைக்கு அள்ள முடியாது என்பதால், அயல்வீட்டுப் பராசக்தியும் இன்னும் பல பெண்களும் மெசின் தண்ணீரில் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பங்கு இல்லாவிட்டாலும் அந்தக் கிணற்றில் குடிக்கிற வீடுகள் இருபத்திரண்டு. வேலிக்கு வெளியே காத்து நின்று, யாராவது அள்ளி ஊற்றினால் கொண்டுபோகிற நாலு குடும்பங்களை அந்த எண்ணிக்கையில் ஒருவரும் சேர்ப்பதில்லை.

"வா பிள்ளை, உன்ரை முறை, நீயே திரியைக் கொளுத்து!" என்றார் ஆழ்வாப்பிள்ளை. ஆண்கள் சிரித்தார்கள்.

"மெசினை நிப்பாட்டுங்கோ அண்ணை. வெடி வேண்டாம்."

பக்கத்துத் தோட்டத்து நடராசாதான் முதலில் வாய் திறந்தார். "வெள்ளிக்கிழமை ஓம், திங்கட்கிழமை இல்லையோ? கிணறென்ன, கடையில புரட்டிப் பாத்திட்டுப் போடுற சீலையோ?"

ஞானாம்பிகை கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

"தம்பி கனகலிங்கம், உப்பாற்றுப் பக்கம் நீர் வெடிவைச்ச கிணத்துத் தண்ணியைப் பிறகு எப்பவாவது குடிச்சுப் பாத்தனீரோ?"

கீழே துளையிடும் கம்பிச் சத்தம் நின்றது.

"தண்ணி வந்தது அக்கா. நல்லா வந்தது. என்ன தண்ணி வந்ததெண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

"இப்ப நான் கேக்கிறன். நீர் போட்ட துளைக்குள்ள ஊறுற தண்ணியை வாயில வைச்சுப் பாரும்."

அவன் மேலே நின்ற முகங்களைப் பார்த்தான். பிறகு ஆழமான துளைக்குள் துணியை விட்டு நனைத்து, நாக்கில் பிழிந்தான். காறித் துப்பினான்.

"கரிக்குது."

"கல்லுத்தூளின்ரை ருசியடாப்பா!" என்று கத்தினார் ஆழ்வாப்பிள்ளை.

கனகலிங்கம் துளை நீரைத் துணியால் வாளிக்குள் பிழிந்து மேலே அனுப்பினான். சுண்ணாம்பு கரைத்தது போல இருந்தது. நடராசா ஒரு வாய் குடித்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். பராசக்தி வாங்கிக் குடித்தாள். உதட்டைத் துடைத்தாள். வாளியோடு வேலியடிக்குப் போய், வெளியே நின்ற லூர்த்தம்மாவின் கைகளில் ஊற்றினாள்.

"இது உப்புத்தான் நாச்சியார்" என்றாள் லூர்த்தம்மா. "எங்கடை கிணறு பழுதாகேக்கையும் முதல் இப்பிடித்தான் இருந்தது. ஆறு மாசத்தில வாயில வைக்கேலாமப் போச்சு."

"இனி உவையும் எங்கடை கிணத்துக்கு நியாயம் சொல்லப்போகினமோ?" என்றார் நடராசா.

"குடிக்கிறவை சொல்லட்டும்" என்றாள் பராசக்தி. குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் ஏறி உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராய் வந்து உட்கார்ந்தார்கள்.

கீழிருந்து கனகலிங்கம் கூப்பிட்டான். "வெடிமருந்து நாலு மணிக்குத் திரும்பிப் போகவேணும். பெர்மிட் இண்டைக்கு மட்டும்தான். இன்னும் ரெண்டு துளை கிடக்கு. துளை போடவோ, மேலை ஏறவோ?"

ஆழ்வாப்பிள்ளை ஞானாம்பிகைக்குக் கிட்ட வந்தார். குரலைத் தணித்தார். "பிள்ளை, அடியில கொஞ்சம் உவர் எல்லாக் கிணத்திலையும் இருக்கும். மேல் தண்ணி வந்து கலந்தால் சரி. என்ரை மிளகாய் இந்தத் தண்ணிக்குத் தாங்காது. உன்ரை வெங்காயமும் தாங்காது. உன்ரை முறைத் தண்ணியெல்லாம் இப்பவே வாய்க்காலில ஓடிப்போட்டுது. விளங்குதோ?"

"விளங்குது."

"பிறகேன் நிக்கிறாய்?"

அவள் மெசினை நோக்கி நடந்தாள். ஆழ்வாப்பிள்ளை முந்திப் போய் அதன் முன்னால் நின்றார். இருவருக்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். மெசின் புகை இருவர் முகத்திலும் அடித்தது.

"கையை எடு பிள்ளை. இது என்ரை மெசின்."

"மெசின் உங்கடை. இண்டைக்கு முறை ஆரின்ரை அண்ணை?"

கிணற்றுக்கட்டில் இருந்த பெண்கள், மற்றப் பங்குக்காரர், வேலிக்கு வெளியே நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். நாளைக்கு முறை அவருடையது. இன்றைக்கு அவள் சொல் செல்லாது என்று சொன்னால், நாளைக்கு நடராசா தன் குழாயை இறக்கினாலும் அவரால் ஒன்றும் கேட்க முடியாது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"ஆரின்ரை முறை?" என்று இரண்டாம் தரம் கேட்டாள்.

"உன்ரை" என்றார்.

அவரே குனிந்து மெசினை நிறுத்தினார். இரண்டாவது மெசின் நடராசாவுடையது; அவரும் அதை நிறுத்தினார். கனகலிங்கம் கணுக்கால் நீரில் நின்று ஆயுதங்களைச் சேர்த்துக்கொண்டு, வெடிமருந்துப் பெட்டியோடு மேலே ஏறி வந்தான்.

புதன்கிழமை நாலு துளைகளையும் சீமெந்தால் அடைத்தார்கள். செப்டெம்பர் முதலாம் திகதி கூடிய கூட்டத்தில், குடிக்கிற வீட்டுக்காரரும் இருக்க, முறைக்கு ஒரு மெசின், இரண்டு மணித்தியாலம் என்று தீர்மானித்தார்கள். லூர்த்தம்மா வீட்டாரை ஒருவரும் கூப்பிடவில்லை. நடராசா ஒரு வருடம் ஞானாம்பிகையோடு கதைக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளையின் மிளகாய்த் தோட்டம் முழுதும் காய்ந்தது. மழை ஒக்டோபர் ஒன்பதாம் திகதி பெய்தது. ஞானாம்பிகை போட்ட முப்பது பாத்தியில் ஒன்பது பாத்தி வெங்காயம் மட்டும் கிண்டி எடுத்தாள்.