பேர், நட்சத்திரம்

கனவுகளில் செந்தாமரை தடையில்லாமல் பேசுவாள். கேட்பவர்கள் நெற்றியைச் சுருக்க மாட்டார்கள், காதைக் கிட்டே கொண்டுவர மாட்டார்கள். விழித்த பிறகும் அந்தப் பேச்சின் ஓட்டம் கொஞ்ச நேரம் தொண்டையில் தங்கியிருக்கும். அதைக் கலைக்காமல் கண்மூடிப் படுத்திருப்பாள்.

மூச்சுத் திணறிப் பிறந்தவள் அவள். கையும் காலும் நாக்கும் அவள் நினைத்ததை உடனே செய்வதில்லை. தயங்கி, கோணி, தம் போக்கில் செய்யும். விழுப்புரத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரார் பேரையெல்லாம் இடது கையின் ஒற்றை விரலால் தட்டி, ஆள் உயர எழுத்தில் அழகாக அமைத்துவிடுவாள். தன் பேரை வாயால் சொல்வதுதான் பெரும்பாடு.

அதைவிடப் பெரும்பாடு, கேட்பவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடைக்கு டீ கொண்டுவரும் கோவிந்தம்மாளிடம் சர்க்கரை போடாத டீ கேட்டாள். "ஆங், சரி கண்ணு" என்று போனவள் இரண்டு போண்டாவோடு வந்தாள். ஆசையாகக் கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்பது? இன்றைக்கும் டீ நேரத்தில் அவளுக்குப் போண்டாதான் வருகிறது.

கோலியனூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில் இருக்கிறது. அர்ச்சனைத் தட்டை நீட்டினால், அர்ச்சகர் அவள் முகத்தைப் பார்த்ததுமே பேரையும் நட்சத்திரத்தையும் தாமே சொல்லிவிடுவார். வேறு கோயிலென்றால் அம்மா ஜெயம் முந்திக்கொள்வாள். வளர்ந்து வேலைக்குப் போகிற பெண், ஒருமுறைகூடத் தன் பேரைச் சாமியிடம் சொன்னதில்லை. இந்த மார்கழியில், தன் நட்சத்திரம் வரும் நாளில் திண்டிவனம் கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஏக்கம் வளர்ந்துவிட்டது.

"சாமிக்குத் தெரியாதாடி உம்பேரு?" என்றாள் ஜெயம். மகளின் பேச்சு அவளுக்கு மட்டும் தெளிவாகப் புரியும்.

"தெரியும். ஆனா என் வாயால கேட்டதில்லயே."

ஜெயம் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு, "அதுக்கு இன்னாத்துக்குத் திண்டிவனம்?" என்றாள்.

"அங்கதான் நம்மள யாருக்கும் தெரியாது. நீ வாயத் தொறக்கவே கூடாது."

"வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கினு வர்றேன், போதுமா?"

அவள் நட்சத்திர நாளன்று, திண்டிவனம் போகும் காலைப் பேருந்து பனிக்குள் புகுந்து போனது. வயல்கள் இல்லை, மரங்கள் இல்லை, எல்லாம் வெண்மை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி விளக்குகள் ஆகாயத்தில் மிதப்பவை போல வந்து, மெல்லப் பின்னால் போயின. செந்தாமரை அம்மாவின் தோளில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தாள். செந், தா, மரை என்று எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பனியில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மாம் பெரிய பேரு வெச்சிக்கிற. அனிதான்னு வெச்சிருந்தா இந்நேரம் சொல்லி முடிச்சிருப்பேன்."

"பேர உடு. அந்த நட்சத்திரம் இருக்குதே, மிருகசீரிஷம், அத நானே ஒழுங்கா சொன்னதில்ல."

சொல்லிச் சிரித்த ஜெயம், மகள் மறுபடி கண்மூடியதும் கைகளைக் கூப்பிக்கொண்டாள். ஈஸ்வரா, என் பொண்ணைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள்.

திண்டிவனத்து ஈஸ்வரன் கோயிலில் கூட்டம் இருந்தது. கருவறைக்குள் விளக்குச் சுடர் அசையாமல் நின்றது. எண்ணெயும் வில்வமும் கலந்த வாசனையில் செந்தாமரைக்கு, இன்னும் தான் விழிக்கவில்லையோ என்று தோன்றியது. சன்னதி வாசலில் இளம் குருக்கள் ஒருவர் தட்டை வாங்கினார்.

"பேரு, நட்சத்திரம்?"

செந்தாமரை வாயைத் திறந்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது பேராக இல்லை.

ஜெயம் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

குருக்கள் தலையாட்டவில்லை. "புரியலயே. இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றார்.

செந்தாமரை அவரை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி யாரும் அவளிடம் சொன்னதே இல்லை. புரியவில்லை என்று சொல்பவர், புரியும்வரை இங்கேயே நிற்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறார். ஆண்டவன் சில சமயம் இவ்வளவு எளிய வார்த்தையில்தான் இறங்கி வருகிறான்.

"சாமி, ஜல்தி ஆவட்டும். பஸ்ஸுக்குப் போவணும்" என்றார் வரிசையில் ஒருவர்.

"இருய்யா, ஊருக்கு ஒரே பஸ்ஸா ஓடுது?" என்று பின்னாலிருந்த ஒரு பெண் அதட்டினாள். பிறகு தானே கழுத்தை நீட்டி, "செல்வியாம்மா? செம்பகமா?" என்று கேட்டாள்.

"யாரும் எடுத்துக் குடுக்காதீங்கோ. அவங்களே சொல்லட்டும்" என்றார் குருக்கள்.

செந்தாமரை கண்களை மூடிக்கொண்டாள். கனவில் ஓடும் பேச்சு எங்கோ அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"செ... ந்... தா..."

மூச்சு தீர்ந்தது. மறுபடி எடுத்தாள்.

"...மரை."

"செந்தாமரையா?"

அவள் தலை மட்டுமல்ல, உடம்பே ஆடி ஆமாம் என்றது.

"நட்சத்திரம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று தெரியாமல் வரிசையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஜெயத்தைக் குத்தவில்லை.

"மி... ரு..."

மிரு என்று தொடங்கும் நட்சத்திரம் ஒன்றே ஒன்றுதான். குருக்களுக்கு அது தெரியாதா? ஆனாலும் தட்டை ஏந்தியபடி, கடைசி எழுத்து வரும்வரை நின்றார். பஸ்ஸுக்குப் போகவேண்டியவரும் நின்றார். அந்த நேரம் முழுவதும் கருவறையும் விளக்கும் லிங்கமும் தன் பேச்சுக்காகவே காத்திருந்ததாகச் செந்தாமரைக்குத் தோன்றியது.

"...க... சீ... ரி... ஷம்."

"மிருகசீரிஷம்" என்று திருப்பிச் சொல்லி, குருக்கள் உள்ளே போனார். மந்திரத்தின் நடுவே அவள் பேர் கேட்டது. கற்சுவரில் பட்டு, மெதுவாக அவளிடமே திரும்பி வந்தது. அவள் கைகள் கூப்ப முயன்று, முழுதாகக் கூடாமல், அப்படியே நெஞ்சருகே நின்றன.

தீபாராதனை முடிந்து விபூதியோடு வந்த குருக்கள் ஜெயத்தைப் பார்த்தார்.

"அம்மா பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடறேன். உங்க பேரு?"

ஜெயம் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அழுகைதான் வந்தது, பேர் வரவில்லை. குருக்கள் செந்தாமரையின் பக்கம் திரும்பினார்.

"ஜெ... ம்" என்றாள் அவள்.

"ராஜமா?"

இல்லை என்று தலையசைத்தாள். அவசரமில்லாமல் மூச்சை இழுத்து, மறுபடி தொடங்கினாள்.